வரப்பு மரத்தை விறகு விலைக்கு விடலாமா? உசிலை, பூவரசு, வாகை, மஞ்சக்கடம்பு, வெட்பாலைக்குத் தனிச் சந்தை

#1 கரட்டுக்காடு (இழை தொடங்கியவர்)

வணக்கமுங்க. கரூர் மாவட்டம், மானாவாரி நிலம், முழுக்கப் பட்டா. வரப்பிலும் கிணற்றடியிலும் நிற்கிற மரங்கள்: உசிலை 14 (நெஞ்சுயரச் சுற்றளவு 30 முதல் 44 அங்குலம்), வாகை 5 (50 முதல் 70), பூவரசு 6 (40க்கு மேல், இரண்டில் உள்ளே பொந்து), மஞ்சக்கடம்பு 2. வேலியோரம் வெட்பாலை நிறைய, தொடை மொத்தத்துக்கு மேல் எதுவும் இல்லை.

மரவாடியில் எல்லாத்துக்கும் ஒரே பேச்சுதான், டன்னுக்கு இவ்வளவு என்று விறகு எடைக்கு. வெளிநாட்டுத் தளங்களில் பேனாக் கட்டை, கத்திப் பிடிக் கட்டை, கிண்ணம் கடையும் கட்டை என்று கையகல மரத்தைத் தனித்தனியாக விற்கிறார்கள். நம்ம மரங்களுக்கு அப்படி ஆள் இருக்குதுங்களா? இருந்தால் எந்த மரம் எதுக்கு ஆகும், நான் எதுவரைக்கும் செய்து கொடுக்க வேண்டும்? தேக்கு, குமிழ் பற்றிக் கேட்கவில்லை.

#2 கடைசல்_பட்டறை

முதலில் அந்த "டன்" எந்த டன் என்று கேளுங்கள். விறகில் டன் என்றால் 1000 கிலோ. மர வியாபாரத்தில் டன் என்றால் 50 கன அடி. இரண்டையும் கலந்து பேசுகிற இடத்தில் நஷ்டம் மரக்காரருக்குத்தான்.

அறுவைக்குப் போகிற தடியைக் கன அடியில்தான் பேச வேண்டும். சுற்றளவை (அங்குலம்) நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் (அடி) பெருக்கி, 144ஆல் வகுங்கள். 48 அங்குலச் சுற்றளவு, 8 அடி நீளம்: 12 × 12 × 8 ÷ 144 = 8 கன அடி. இந்தக் கால்சுற்றுக் கணக்கு உருளையின் உண்மையான கன அளவில் 78.5 சதவீதத்தைத்தான் காட்டும். மீதி பட்டைக்கும் சிறாய்க்கும் கழிவு என்று வைத்த வழக்கம். வாங்குகிறவர் இதற்கு மேலும் "பட்டைக் கழிவு" கேட்டால் ஒரே கழிவை இரண்டு தடவை கேட்கிறார் என்று அர்த்தம்.

மரத்துக்கு வருகிறேன்.

பூவரசு உங்களிடம் இருப்பதிலேயே கடைசலுக்கு நல்ல சரக்கு. சாக்லேட் பழுப்பில் வைரம் (தடியின் நடு மரம்), வெளிறிய வெள்ளை (பட்டையை ஒட்டிய மரம்), இரண்டும் ஒரே கிண்ணத்தில் வரும். காயும்போது சுருக்கம் குறைவு, அதனால் மற்றவை போல முறுக்காது. ஹவாய்த் தீவுகளில் இதே மரம், பெயர் மிலோ. உணவில் வாடை ஏற்றாது என்பதால் பழைய காலத்திலிருந்தே அங்கே சாப்பாட்டுக் கிண்ணம் கடைந்த மரம். வெளிநாட்டு வாங்குநருக்கு "பூவரசு" என்று எழுதினால் தெரியாது. மிலோ என்றும் தாவரப் பெயர் தெஸ்பேசியா பாபுல்னியா என்றும் சேர்த்து எழுதினால் கேட்டு வருவார்கள். பொந்து விழுந்த இரண்டையும் கழிக்காதீர்கள். பொந்தின் விளிம்பை அப்படியே விட்டுக் கடையும் கிண்ணத்துக்கு அதுதான் கட்டை.

உசிலை வண்டி அச்சுக்குப் போன மரம். ஊதா ஓடிய பழுப்பு வைரம், இரும்பு மாதிரி கனம். வளைந்து நெளிந்து வளர்வதால் பலகைக்கு ஆகாது. கத்திப் பிடி, உளிப் பிடி, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), பேனா மாதிரிச் சின்ன உருப்படிக்கு அருமையாக மெருகேறும்.

வாகைக்கு மர வணிகத்தில் கொக்கோ என்று பழைய பெயர். வால்நட் கேட்டு விலைக்குப் பயப்படுகிறவர்களுக்கு மாற்று. உள்ளூரிலேயே மரச்செக்குக்கு நல்ல கேட்பு இருக்கிறது. உரலுக்கு உங்கள் மரத்தின் மொத்தம் பத்துவது சந்தேகம், உலக்கைக்கு ஆகும். அறுக்கும்போது தூசி மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. முகமூடி இல்லாமல் வாகையை உப்புத்தாள் போடவே கூடாது.

மஞ்சக்கடம்பு நெருங்கிய ரேகை, உளி போன இடம் வழவழப்பாக நிற்கும். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் இதில் கடைந்ததுதான். அறுத்த அன்றைக்கு இருக்கும் மஞ்சள் வெளிச்சம் பட்டுத் தேன் நிறத்துக்கு மாறிவிடும். விற்பனைப் படத்தில் அறுத்த அன்றைய நிறத்தைப் போடாதீர்கள், திருப்பி அனுப்புவார்கள்.

#3 மரவாடி_மேலூர்

மரவாடிக்காரன் ஏமாற்றுகிறான் என்று முடிவு கட்டும் முன்னால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள் அண்ணாச்சி.

வரப்பு மரம் என்றாலே உள்ளே இரும்பு. முள்கம்பி அடித்த ஆணி, மாடு கட்டின வளையம், தேர்தல் தட்டி அடித்த ஆணி எல்லாம் பட்டைக்குள் மூடியிருக்கும். ரம்பப் பட்டை ஒருமுறை ஆணியில் பட்டால் பல் போய்விடும், அன்றைய கூலி அதோடு சரி. வெட்டிய முகத்தில் கருநீலக் கோடு நெடுக்கத் தீற்றியிருந்தால் அந்த வழியில் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து விடுகிற கறை அது. உசிலையிலும் வேலத்திலும் நன்றாகத் தெரியும். உலோகம் காட்டும் கைக்கருவி வைத்து நீங்களே தடியைச் சுற்றித் தடவி, ஆணி உள்ள அடியை வெட்டி ஒதுக்கிக் கொடுத்தால் நாங்களும் வேறு விலை பேசுவோம்.

அடுத்தது தேறுகிற அளவு. 40 அங்குல உசிலையில் 6 அடித் துண்டு என்றால் 10 × 10 × 6 ÷ 144, நாலு கன அடி சொச்சம். சுற்றிலும் வெள்ளை போச்சு, நடுக் குருத்து (தடியின் மைய நெட்டி) போச்சு, வளைவுக்கு ஒரு கழிவு. சுத்தமான வைரம் மூன்றில் ஒரு பங்கு வந்தால் அதிகம். வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, அறுவைக்கூலி முழுத் தடிக்கும்தானே? வெள்ளையை விறகாகக் கழித்தாலும் கட்டாது. அதனால்தான் மொத்தமாக எடைக்குப் பேசுகிறோம்.

#4 கடைசல்_பட்டறை

> சுத்தமான வைரம் மூன்றில் ஒரு பங்கு வந்தால் அதிகம்

சரிதான், மறுக்கவில்லை. பலகை விற்கிறவருக்கு அது சாவுமணி. சின்னக் கட்டை விற்கிறவருக்குக் கணக்கே வேறு.

பேனாக் கட்டையின் வழக்கமான அளவு 5 × ¾ × ¾ அங்குலம். ரம்பம் தின்னும் எட்டில் ஒரு அங்குலத்தைப் பக்கத்துக்குச் சேர்த்தால் ஒரு கட்டைக்கு 3.9 கன அங்குலம். ஒரு கன அடி என்பது 1728 கன அங்குலம். சுத்த வைரமாக ஒரு கன அடி கையில் இருந்தால் காகிதக் கணக்கில் 440 கட்டை. வெடிப்பு, கண்ணு (கிளை முளைத்த முடிச்சு), கோணல் ரேகை என்று பாதியைத் தள்ளினாலும் 220. மேலூர்க்காரர் சொன்ன நாலு கன அடித் துண்டில் மூன்றில் ஒரு பங்கு வைரம் என்றால் 300 கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஒரு கட்டை உலர்ந்தபின் 45 கிராம் அளவில், நூறு கட்டை நாலரைக் கிலோ. தபாலில் போகிற சரக்கு, லாரி வேண்டாம்.

கத்திப் பிடிக்கு இரண்டு சில்லு ஒரு ஜோடி. 5 × 1½ × ⅜ அங்குலம் வைத்தால் கன அடிக்குக் காகிதத்தில் 200 ஜோடி. ஜோடி இரண்டும் ஒரே துண்டைப் பிளந்ததாக, ரேகை ஒத்துப்போக வேண்டும். எண் எழுதிக் கட்டி வையுங்கள். கலந்துவிட்டால் ஜோடி சேர்க்கவே முடியாது, தனிச் சில்லை யாரும் வாங்கமாட்டார்கள்.

ரூபாய் விலை இங்கே எழுதமாட்டேன், படித்தவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பச்சைக் கட்டைக்கும் உலர்ந்த கட்டைக்கும் இருக்கிற விலை வித்தியாசம், உசிலைக்கும் வாகைக்கும் இருக்கிற வித்தியாசத்தைவிடப் பெரியது.

#5 உலர்_கொட்டகை

அந்தக் கடைசி வரிக்கு விளக்கம் தேவை. நம்மூர் மரத்துக்கு வெளியே கெட்ட பேர் வந்ததே உலர்த்தாமல் அனுப்பியதால்தான்.

நிழலில் எத்தனை மாதம் கிடந்தாலும் நம்மூர்க் காற்றில் மரத்தின் ஈரம் 12 முதல் 14 சதவீதத்தில் நின்றுவிடும். கடலோரத்தில் மழைக்காலம் என்றால் 16ஐத் தொடும். குளிர்நாட்டில் சூடேற்றிய அறையில் அது 6 முதல் 8க்கு இறங்கும். பச்சையிலிருந்து முழு உலர்வுவரை குறுக்கே 8 சதவீதம் சுருங்குகிற மரம் என்று வையுங்கள். 14லிருந்து 7க்கு இறங்கும்போது ஏறக்குறைய 2 சதவீதம் சுருங்கும். 300 மிமீ அகலப் பலகை 5, 6 மிமீ குறுகும். இங்கே ஒட்டிய ஒட்டு அங்கே வாயைப் பிளப்பது இதனால்தான். ஏற்றுமதி என்றால் சூளையில் 8 சதவீதத்துக்கு இறக்கியே ஆக வேண்டும். உள்ளூர் விற்பனைக்கு 12 போதும்.

ஊசி வைத்துப் பார்க்கும் ஈரமானியை உசிலை, ஆச்சா போன்ற கன மரத்தில் நம்பாதீர்கள். அளவை வேறு மரத்துக்குச் செய்தது, ஊசியும் மேல்தோலைத்தான் பார்க்கும். நடுவிலிருந்து சின்னத் துண்டு வெட்டி எடை போட்டு, 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை இறங்குவது நிற்கும்வரை வைத்து மறுபடி எடை போடுங்கள். 100 கிராம் துண்டு 70 கிராமாக வந்தால் ஈரம் 30 சதவீதம் இல்லை. 30ஐ 70ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 43 சதவீதம். இந்த ஒரு வகுத்தலில் தப்பும் பட்டறைகள் எக்கச்சக்கம்.

வெட்டியதிலிருந்து செய்ய வேண்டியது: தடி தரையில் விழுந்த அன்றைக்கே இரண்டு முகத்திலும் மெழுகோ கெட்டியான பெயின்ட்டோ பூசுங்கள். ஈரம் முகம் வழியாகத்தான் வேகமாக ஓடும். ஓடினால் முகத்திலிருந்து உள்ளே பல அங்குலம் வெடிப்பு ஏறும். குருத்து நடுவில் சிக்கும்படி எதையும் அறுக்காதீர்கள், அந்தத் துண்டு வெடித்தே தீரும். குருத்து வழியாகவே தடியை இரண்டாகப் பிளந்து பிறகு அளவுக்கு அறுப்பது நல்லது. பேனாக் கட்டை என்றால் 23 மிமீ வைத்து அறுங்கள், காய்ந்தபின் 20க்கு இழைக்க இடம் வேண்டும்.

பலகையாக அறுத்தால் ஒன்றரை, இரண்டு அடிக்கு ஒரு இடைக்குச்சி, எல்லாம் ஒரே கனத்தில் (1 அங்குலம்), ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று. குச்சி தள்ளி விழுந்தால் அந்த இடத்தில் பலகை தொய்ந்து அப்படியே காய்ந்துவிடும். உச்சியில் பாரம் ஏற்றுங்கள். சித்திரை வைகாசிக் காற்று நேரே படக்கூடாது, சாக்குப் படுதா கட்டுங்கள். உசிலைக்கு இது கட்டாயம். மேல்தோல் வேகமாகக் காய்ந்து உள்ளே ஈரம் அடைபட்டால், வெளியே ஒன்றும் தெரியாது, பிளந்து பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை.

கிண்ணத்துக்கு வேறு முறை. பச்சையிலேயே முக்கால்வாசி கடைந்துவிட வேண்டும். சுவர் கனம் விட்டத்தில் பத்தில் ஒன்று: 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலம். பிறகு காகிதப் பையில் போட்டு மூடி, எடை இறங்குவது நிற்கும்வரை வைத்து, கோணியதைச் சரிபண்ணி இறுதியாகக் கடையலாம். பாதி கடைந்ததை ஒரு மணி நேரம் தண்ணீரில் வேகவைத்தால் வெடிப்பு குறையும். வெள்ளையில் இருக்கும் உளுப்புப் பூச்சி முட்டையும் செத்துப்போகும்.

#6 மரப்பாச்சி

வெட்பாலை பற்றி யாரும் பேசவில்லையே. சன்னபட்டணம் பொம்மைக்கு வழக்கமான மரம் அதுதான், அங்கே ஆலெ மரம் என்பார்கள். ஆந்திராவில் ஏட்டிகொப்பாக்காப் பொம்மைக்கும் அதே மரம். எங்களுக்குப் பொம்மைக்கும் கிலுகிலுப்பைக்கும் வேண்டும், ஆனால் வாங்கிய மரம் இரண்டு வாரத்தில் சாம்பல் நீலமாகப் போகிறது. மேலே அரக்கு ஏற்றினாலும் வெளிர் நிறத்தில் உள்ளிருந்து தெரிகிறது. என்ன செய்வது?

#7 உலர்_கொட்டகை

அது பூஞ்சைக் கறை. மரத்தின் வலுவைக் குறைக்காது, தந்த வெள்ளையைக் கெடுத்துவிடும். வெட்பாலை முழுக்க வெள்ளை மரம், உள்ளே மாவுச்சத்து, நம்மூர் வெயில், 20 சதவீதத்துக்கு மேல் ஈரம்: பூஞ்சைக்கு இதைவிட விருந்து இல்லை. தடியாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் உள்ளே ஓடும். வேகம் ஒன்றுதான் மருந்து. மழைக்காலத்தில் வெட்டாதீர்கள். தை, மாசியில் வெட்டி, அன்றைக்கே பட்டை உரித்து, பொம்மைக்கு வேண்டிய நீளத்துக்கு நறுக்கி, நிழலில் காற்றோட்டமாக நிற்க வையுங்கள். தரையில் படுக்கப் போட்டால் தொடும் பக்கம் நீலம் பிடிக்கும். மற்ற மரத்தை மெதுவாகக் காயவை என்று சொன்னேன், இதற்கு நேர் எதிர். இதில் கொஞ்சம் முகவெடிப்பு வந்தால் பரவாயில்லை, நறுக்கித் தள்ளலாம்.

போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் முக்கலாம், உளுக்காது. ஆனால் வாயில் வைக்கும் பொம்மைக்கு வேண்டாம்.

#8 கடைசல்_பட்டறை

சேர்த்துக்கொள்ள ஒன்று. அரக்கு ஏறுவது உராய்வுச் சூட்டில்தானே, மரத்தில் ஈரம் இருந்தால் அந்தச் சூட்டில் ஆவி கிளம்பிக் கொப்புளம் விடும். அரக்குக் குச்சியை அழுத்தி ஏற்றியபின் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுகிறார்களே, அந்த நேரத்தில் கொப்புளம் உரிந்து வந்தால் மரம் காயவில்லை என்று வையுங்கள். அரக்கைக் குறை சொல்லாதீர்கள்.

சட்டப் பக்கம்: 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்குத் தர நிர்ணய முத்திரை கட்டாயம். கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் செய்து விற்பதற்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருளுக்கும் விலக்கு இருக்கிறது. கைவினைஞர் அட்டை இல்லையென்றால் முதலில் அதை எடுத்துவிடுங்கள் அம்மா.

#9 நாயனக்_கட்டை

இசைக்கருவிப் பக்கம் ஒரு வார்த்தை. 2017 ஜனவரி 2 முதல் ஈட்டிப் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. உலகம் பூராவும் கித்தார் செய்கிறவர்கள் விரல்பலகைக்கு ஈட்டி மாதிரி இருக்கும் வேறு மரம் தேடினார்கள். அப்போது மேலே வந்தது நம்ம கருமருது. வணிகப் பெயர் இந்தியன் லாரல், ஸ்குயர், எபிஃபோன் கித்தார்களில் விரல்பலகையாகப் போட்டார்கள். 2019 கடைசியில், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தபிறகும் கருமருது போன இடத்தில் நிற்கிறது. கேட்பாரற்று நின்ற மரம் ஒரு சட்ட மாற்றத்தால் சரக்கானதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் லேசான மரம் இல்லை. மேல்வெடிப்பும் முகவெடிப்பும் அதற்குப் பிறவிக் குணம். விரல்பலகைக்கு 21 × 2¾ × ⅜ அங்குலம், ஆரவாட்டில் (குருத்திலிருந்து பட்டை நோக்கி) அறுத்தது, ரேகை நேராக, கண்ணு இல்லாமல் வேண்டும். கன அடிக்குக் காகிதத்தில் 57 வரும், தேறுவது அதில் நாலில் ஒன்று. மேற்குமலைக் காட்டு மரம் என்பதால் கரூர் வரப்பில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

நாகசுரத்துக்கு ஆச்சா. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே பச்சை ஆச்சாவைத் தொடமாட்டார்கள். இடித்த பழைய வீட்டுத் தூண், உத்தரம், நிலைதான் வேண்டும். தலைமுறை கடந்து காய்ந்த மரத்தில்தான் துளை நேராக நிற்கும், நாதமும் வரும். அதனால் ஆச்சா வைத்திருப்பவர் மரத்தை வெட்டி விற்பதைவிட, பழைய வீடு இடிக்கிறவரிடம் ஆச்சாக் கட்டையைப் பிரித்து வாங்குகிறவருக்குத்தான் சந்தை. தண்ணீரில் போட்டால் மூழ்கும், நிறம் கருஞ்சிவப்பு. அடையாளம் தெரியாமல் விறகுக்குப் போகிற கட்டை ஏராளம்.

#10 ஏற்றுமதி_கோப்பு

எல்லோரும் மரத்தைப் பேசுகிறீர்கள், நான் தாளைப் பேசுகிறேன்.

பட்டா மரம்தானே என்று வெட்டிவிட்டுப் பிறகு தாள் தேடாதீர்கள். சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று, நிற்கிற மரத்தின் படம், சுற்றளவுப் பட்டியல், எல்லாம் வெட்டும் முன்பே. எந்த இனத்துக்கு வழிச்சீட்டு (மரத்தைக் கொண்டுபோக வனத்துறை தரும் அனுமதி) வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாநிலம் தாண்டுவதற்கு 2023 டிசம்பரிலிருந்து தேசிய அளவில் ஒரே இணையவழி வழிச்சீட்டு முறை வந்திருக்கிறது. மலைப்பகுதி என்று அறிவித்த கிராமங்களில் 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் தனி, அங்கே சொந்த மரத்துக்கும் முன் அனுமதி வேண்டும். ஈட்டி, சந்தனம், செம்மரம் பக்கமே போகாதீர்கள், சிறு வியாபாரிக்கு அது வழி இல்லை.

அமெரிக்காவுக்கு அனுப்பினால் வாங்குகிறவர் அறிவிப்பில் தாவரப் பெயர், மரம் வெட்டிய நாடு, அளவு, மதிப்பு நிரப்ப வேண்டும். ஐரோப்பாவின் காடழிப்புத் தடை விதி மரக் கிண்ணம், கரண்டி, அலங்காரப் பொருள்வரை பிடிக்கும், மரம் நின்ற நிலத்தின் இருப்பிடப் புள்ளியையே கேட்கும். அமலாகும் தேதி தள்ளித் தள்ளிப் போனாலும் பெரிய வாங்குநர்கள் இப்போதே கேட்கிறார்கள். கரட்டுக்காடு அண்ணனுக்கு இது சாதகம். சந்தையில் கலந்து வாங்கிய மரத்துக்கு எந்தத் தோட்டம் என்று யாராலும் சொல்ல முடியாது, உங்களால் வரப்பையே காட்ட முடியும். கைவினைப் பொருளுக்கு ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகத்தின் விருக்ஷ் என்ற மரச் சட்டபூர்வச் சான்று முறையும் இருக்கிறது.

பெயரில் தப்பு வந்தால் சரக்கு துறைமுகத்தில் நிற்கும். "பாலை" என்று மட்டும் எழுதினால் வெட்பாலையா, மென்மரமான ஏழிலைப்பாலையா, இரும்பு மாதிரிக் கனக்கிற உலக்கைப்பாலையா? மஞ்சக்கடம்பும் வெள்ளைக்கடம்பும் வேறு வேறு இனம். சந்தேகம் என்றால் வைரத்தில் ஒரு சின்னக் கட்டையைப் பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அனுப்பினால் நுண்ணோக்கியில் பார்த்து இனத்தை எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாளை ஒவ்வொரு கட்டுக்கும் நகல் வையுங்கள்.

#11 புதுக்கடை_ஆன்லைன்

இவ்வளவு சிரமம் எதற்கு? கருங்காலி மாலையும் வேங்கை டம்ளரும் போட்டால் மாதத்தில் சரக்கு காலி. உசிலை வைரத்தை உருட்டிச் சாயம் போட்டால் கருங்காலி மாதிரியே இருக்கும் என்கிறார்கள், அதையும் கவனிக்கலாமே?

#12 ஏற்றுமதி_கோப்பு

தம்பி, உசிலைக்குச் சாயம் போட்டுக் கருங்காலி என்று விற்றால் அது மோசடி. அதில் "கவனிக்க" ஒன்றும் இல்லை.

வேங்கை டம்ளர் விற்பது குற்றம் இல்லை. தண்ணீர் ஊற்றி வைத்தால் பழுப்பேறும், வெயிலில் சாய்த்துப் பார்த்தால் நீலம் மின்னும், பார்க்கவும் அழகு. அந்தப் பக்கத்தில் "சர்க்கரை நோய் குணமாகும்" என்று ஒரு வரி போட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல். 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாயத் தீர்வு விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவு இருக்கிறது. அந்த நோய்க்குத் தீர்வு என்று விளம்பரம் செய்வதே குற்றம். அந்த வரியைப் போடாமல் வேங்கையை நல்ல மரமாக மட்டும் விற்கத் தெரிந்தவர் குறைவு.

#13 கடைசல்_பட்டறை

கருங்காலிக்கு இன்னொன்று. அந்தப் பெயரில் இரண்டு மரம் ஓடுகிறது, கறுப்பு வைரம் உள்ள எபோனி ஒன்று, செம்பழுப்பான கருங்காலி (காசுக்கட்டி எடுப்பது) ஒன்று. இரண்டும் அசலாகவே கனத்த மரம், தண்ணீரில் மூழ்கலாம். ஆச்சா வைரமும் மூழ்கும். ஆகவே தண்ணீரில் போட்டுக் காட்டும் காணொளிச் சோதனைக்கு மதிப்பே இல்லை. ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் துணியால் மணியின் துளைக்குள் துடையுங்கள். கறுப்பு மை மாதிரி வந்தால் சாயம். ஒரு மணியைப் பிளந்து பார்த்தால் அதற்கும் மேல் கேள்வியே இல்லை, ஓரம் கறுப்பு, நடு வெளிறல்.

இந்த மாலை மோகம் இறங்கும்போது கையில் சரக்கோடு நிற்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கத்திப் பிடி வாங்குகிறவர் அப்படி இல்லை, ஒருமுறை காய்ந்த கட்டை கொடுத்தால் அடுத்த வருடமும் உங்களிடமே வருவார்.

#14 அரிவாள்மணை

சமையல் சாமானுக்கு எதெல்லாம் ஆகும், எதெல்லாம் ஆகாது? எங்களுக்குக் கறிக்கட்டை என்றால் புளியமரம் தவிர வேறு தெரியாது.

#15 மரவாடி_மேலூர்

புளி வந்தேறி என்று வாதம் பண்ணுவார்கள், ஆனாலும் அதை அடிக்க ஆள் இல்லை. முறுக்கு ரேகை என்பதால் கத்தி ஆழமாக இறங்காது, செதில் வராது. குறுக்கு வெட்டு வட்டம்தான் வேண்டும், பலகை அறுப்பு கூடாது. சாலை அகலப்படுத்தும்போது வெட்டும் புளி, வாகை, வேம்பு எல்லாம் ஏலத்துக்கு வரும், அதுதான் பெரிய வரத்து. வெள்ளை ஓரம் உளுக்கும். வட்டத்தைப் பச்சையில் வாங்கிப்போய் வெயிலில் வைத்துவிட்டு வெடிக்கிறது என்று சண்டைக்கு வருகிறார்கள். முழு வட்டத்தில் குருத்து நடுவில் இருப்பதால் ஒரு வெடிப்பாவது விழும். ஓரத்தில் ஒரு கோடு குருத்துவரை அறுத்துவிட்டால் சுருக்கம் அந்தக் கோட்டிலேயே போய்விடும், காய்ந்தபின் அந்த இடைவெளியில் ஆப்பு செருகலாம்.

ஆகாதவை: எட்டி (விஷம்), தில்லை (பால் பட்டால் கண் போகும்), சேராங்கொட்டை (அறுத்த கை வெந்து புண்ணாகும்). பொரசு பார்க்கப் பொன் மாதிரி மினுங்கும், வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் மேசை நாற்காலிக்குக் கப்பலில் கொண்டுபோன மரம், ஆனால் தூசி பலருக்குத் தோலில் தடிப்பு கொடுக்கும். கரண்டிக்கு வேண்டாம். அழிவின் விளிம்புக்கு நகர்கிற மரமும்கூட.

#16 கடைசல்_பட்டறை

பூவரசு, மஞ்சக்கடம்பு, வேம்பு கரண்டிக்கு ஆகும். வேம்பின் கசப்பு முதலில் கொஞ்ச நாள் இருக்கும் என்று அட்டையில் எழுதிவிடுங்கள். எண்ணெய்ப் பூச்சுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போடக்கூடாது, சிக்கெடுத்து நாறும். உணவுத் தரக் கனிம எண்ணெய் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, தண்ணீர்க் கொதியில் இரட்டைப் பாத்திரம் வைத்து உருக்கிப் பூசுங்கள். நேரடித் தீயில் மெழுகு வைக்காதீர்கள்.

உசிலை, ஆச்சா மாதிரிக் கன மரத்தை ஒட்டும்போது வெள்ளைப் பசை சும்மா உரிந்து வரும். இழைத்த அன்றைக்கே, ஸ்பிரிட்டால் துடைத்து, எபாக்ஸி. பிழிந்து இறுக்காதீர்கள், பசை முழுக்க வெளியே வந்து ஒட்டு பட்டினியாகிவிடும்.

#17 கரட்டுக்காடு

எல்லாருக்கும் நன்றிங்க. இப்ப இப்படி நினைக்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்க. வாகை ஐந்தும் மரவாடிக்கே, ஆனால் கன அடியில். பூவரசில் பொந்து விழுந்த இரண்டை மட்டும் இப்போது வெட்டி, 12 அங்குல நீளத் துண்டாகப் பிளந்து கடைசல்காரருக்குப் பச்சையாகவே. உசிலையில் தடித்த நாலு மட்டும். மஞ்சக்கடம்பு நிற்கட்டும். வெட்பாலையை மரப்பாச்சி அம்மா எடுப்பதாக இருந்தால் தை மாதம் நறுக்கித் தருகிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி: உசிலையை வெட்டி எவ்வளவு நாளுக்குள் அறுக்க வேண்டும்? சாமில்லில் முறை கிடைக்கவே நாளாகும் போலிருக்குது.

#18 மரப்பாச்சி

வெட்பாலை எடுத்துக்கொள்கிறோம். 3 அங்குல விட்டத்துக்கு மேல் உள்ளது போதும், நீளம் 14 அங்குலம், பட்டை உரித்து. தாள் நகலும் கூடவே அனுப்புங்கள்.

#19 உலர்_கொட்டகை

உசிலை வைரம் பூஞ்சைக்குப் பயப்படாது, ஒரு மாதம் தடியாகக் கிடக்கலாம், நிழலில் முகம் பூசி இருந்தால். ஆபத்து வெள்ளையில்தான். பட்டையோடு கிடந்தால் துளைப்பான் பூச்சி பட்டைக்கு அடியில் ஏறும், பட்டையைச் சுத்தமாக உரித்தால் மேல்வெடிப்பு வரும். அதனால் பட்டையை விட்டு வையுங்கள், தடிகளைத் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் கல் மேல் ஏற்றி, தென்னங்கீற்று மூடுங்கள். பட்டையில் மாவுத்தூள் உதிரத் தொடங்கினால் முறைக்குக் காத்திருக்காதீர்கள், சங்கிலி ரம்பத்தால் குருத்து வழியாக இரண்டாகப் பிளந்து வையுங்கள். அறுக்கும்போது கார்பைடு முனைப் பல் உள்ள ரம்பமாகக் கேளுங்கள். சாதாரணப் பல் உசிலையில் சீக்கிரம் மழுங்கி, சூடேறி, அறுத்த முகத்தில் கருகல் கோடு போடும். அந்தக் கருகலைப் பின்னால் உப்புத்தாளால் எடுக்க ஒவ்வொரு சில்லிலும் ஒரு மிமீ போய்விடும்.

#20 மரவாடி_மேலூர்

வாகை அளவு எழுதி அனுப்புங்க அண்ணாச்சி. ஆணி தடவிப் பார்த்து, அடையாளம் போட்டு.